ஆறுச்சாமியின் எட்டு விரல்

"சத்தம் வருதுங்களே அம்மிணி, அப்புறமென்ன?" என்றார் காந்திபுரத்துச் செல்போன் கடைக்காரர்.

சத்தம் வந்தது உண்மைதான். திரை மட்டும் அடுப்புக் கரித்துணி மாதிரி கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஓர் ஆள் மூச்சு வாங்குவது கேட்டது. எங்கோ குக்கர் விசிலடித்தது. சட்டைக் கை உரசியது. தொண்டையிலிருந்து 'ஹ்ங்' என்று ஒரு முனகல். பிறகு மறுபடியும் மூச்சு. வீடியோ முடிந்துவிட்டது.

"பழைய ஃபார்மேட்டுங்க. இனிமே எந்தப் போன்லயும் இதுக்குப் படம் வராது. பேச்சு இருக்குதல்ல, அதை வச்சு ஒப்பேத்திக்குங்க."

"எங்கப்பாவுக்குப் பேச வராதுங்க" என்றாள் சஷ்டிகா. "காதும் கேக்காது. கையிலதான் பேசுவாரு."

கடைக்காரர் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "அட சாமி" என்றார். அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனவர், மனசு கேட்காமல் திரும்பி வந்தார்.

வாய் பேசாத மனுஷன் சாகுமுன் சொல்லிவிட்டுப் போனதில் சத்தத்தை மட்டும் மகளுக்கு விட்டுவைத்து, பேச்சை உருவிக்கொண்டது போன்களுக்கெல்லாம் வந்த புது ஃபார்மேட்டு. இதைவிடப் பெரிய கேலி இருக்க முடியாது என்றுதான் அன்றைக்கு சஷ்டிகா நினைத்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

"புது ஃபார்மேட்டு பேரு சாரமுங்க" என்று கடைக்காரர் விளக்கினார். "முன்னெல்லாம் வீடியோன்னா புள்ளி புள்ளியா படத்தையே சேத்து வைப்பாங்க. அது எடத்தைத் திங்குது, கரண்டைத் திங்குது, ஊரூருக்கு ஏக்கர் கணக்குல கட்டடம் கட்டி அதுல கம்ப்யூட்டரை அடுக்க வேண்டியிருக்குது. சாரம் படத்தை வச்சுக்காது. 'நீலச் சட்டை போட்ட ஆளு, செவுத்துக்கு முன்னால நிக்கறாரு, கையை இப்படி ஆட்டறாரு'ன்னு குறிப்பு மட்டும் வச்சுக்கும். நீங்க பாக்கறப்ப உங்க போனே புதுசா வரைஞ்சு காட்டும்."

"வரைஞ்சா? அப்ப அது அவருதானுங்களா?"

"அவரு மாதிரியேதான் இருக்குமுங்க. நீங்களே கண்டுபிடிக்க மாட்டீங்க." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மாத்தித் தர எங்களுக்கு லைசென்ஸ் இல்லீங்க. கேஸ் விசயம்னு சொல்றீங்களே, கோர்ட்லயே அதுக்குன்னு ஒரு பிரிவு இருக்குது. அங்க போயிப் பாருங்க."

அந்த வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சஷ்டிகாவின் அப்பா ஆறுச்சாமிக்கு கணபதி பக்கத்தில் ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை. தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்புக்கட்டி இறங்கி ஒரே அமுக்கில் பாகமாக வெட்டித் தள்ளும் இயந்திரங்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே அதில் ஒன்று ஆறுச்சாமியின் வலதுகை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அடியோடு வாங்கிக்கொண்டது. அவர் அதே இயந்திரத்துக்கே திரும்பிப் போனார். வேறு எங்கே போவார்? 'பேரு ஆறு, விரலு எட்டு' என்று சக தொழிலாளிகள் கேலி செய்வதை உதட்டசைவில் படித்துவிட்டு, மிச்சமிருக்கும் எட்டையும் அவர்கள் முகத்துக்கு நேராக விரித்துக்காட்டிச் சிரிப்பார்.

பிற்பாடு இயந்திரங்களுக்குக் 'கண்' வைத்தார்கள். கை உள்ளே இருந்தால் ஒளிக்கற்றை மறைபடும். இயந்திரம் அப்படியே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான், வேலை மட்டும் கொஞ்சம் மெதுவாக நடக்கும். அவசர ஆர்டர் வந்த ஒரு நாள் யாரோ ஒரு துண்டு வயரைச் செருகி அந்தக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். சிக்கிய தகட்டை எடுக்க உள்ளே குனிந்த லோகு என்ற பையன் மேல் இரும்பு இறங்கியது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன்.

கண்ணைக் கட்டியது மேனேஜர் பூபதிராஜ். மாட்டிக்கொண்டது சுதாம் நாயக். ஒடிசாவிலிருந்து வந்து இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவன். கண் இருக்கும் பெட்டியின் மூடியில் அவன் கைரேகை இருந்தது. துடைக்கிறவன் ரேகை மூடியில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? வயரைச் செருகச் சொன்னபோது அவன் மாட்டேன் என்று நின்றான், மேனேஜரே செருகினார். இதை நேரில் பார்த்தது ஓர் ஆள்தான், ஆறுச்சாமி. போலீஸ்காரர் வந்து அவர் கையாட்டுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, 'சாட்சியின் சைகை விளங்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆறுச்சாமி விடவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுச் சுவரோரம் நின்று, தன் பழைய போனை அலமாரியில் சாய்த்துவைத்து, பார்த்ததையெல்லாம் கையால் சொல்லிப் பதிவு செய்தார். விசாரணை தொடங்குவதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். போனின் பேட்டரியும் உப்பிச் செத்துப்போனது. அதிலிருந்த சின்ன அட்டையில் வீடியோ மட்டும் தங்கியது. அதைத்தான் சஷ்டிகா கடை கடையாக எடுத்துக்கொண்டு அலைந்தாள்.

*

கோர்ட்டில் 'வடிவ மாற்றுப் பிரிவு' என்று ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த நிரஞ்சனுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஊர்ப்பட்ட வழக்குகளின் வீடியோவெல்லாம் அவர் தலையில்தான் விழுந்திருந்தது.

"ஒண்ணு சொல்லிடறனுங்க" என்றார். "மாத்தினதும் பழசு அழிஞ்சிரும். ரெண்டும் இருந்தா எது நெசம்னு சண்டை வரும்னு சட்டமே அப்படிப் போட்டுட்டாங்க. மாத்தினதுதான் இனி அசல். சம்மதம்னா கைநாட்டு வைங்க."

"பழசுல படமே வர்றதில்லீங்களே. அதை வச்சுட்டு நான் என்ன பண்ணப் போறேன்?" என்று விரலை வைத்தாள் சஷ்டிகா.

சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. வீட்டுச் சுவர் வந்தது. சுவருக்கு முன்னால் அப்பா வந்தார்.

அவர் போன பிறகு அசைகிற அப்பாவை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லாப் பழைய வீடியோக்களும் கறுத்துப் போயிருந்தன. இப்போது அதே ஒட்டிய கன்னம், அதே தூக்கிய புருவம். பொட்டென்று கண்ணீர் இறங்கிவிட்டது. "வந்துட்டாரு, வந்துட்டாருங்க" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். நிரஞ்சன் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். வீடியோ முடிந்தது, முத்திரை விழுந்தது.

பேச்சுக்கு முன்னாலேயே கையைப் படித்தவள் அவள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காத வீட்டில் 'பால்', 'பசி', 'வா' எல்லாமே கையாகத்தான் அவளுக்குள் வந்தன. அப்படிப்பட்டவள் அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்க்கவில்லை. அதற்காக அவளைத் திட்ட யாருக்கு வாய் வரும்? அவளே திட்டிக்கொண்டாள், ஆயுசுக்கும்.

*

சுதாமுக்காக வாதாடிய வக்கீல் எபினேசர் கெட்டிக்காரர். வீடியோவைப் போடுவதற்கு முன்னால் அதைப் படிக்கும் வித்தையைக் கோர்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். சஷ்டிகாவைக் கூண்டில் ஏற்றினார்.

"காது கேக்காதவங்க ஆளுங்களைப் பேர் சொல்லி எப்படிக் குறிப்பிடுவாங்க?"

"ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கையடையாளம் இருக்குமுங்க. பாத்ததும் என்ன தெரியுதோ அதுவே பேரு."

"மேனேஜர் பூபதிராஜுக்கு உங்க அப்பா வச்ச அடையாளம்?"

"அவருக்குக் குறுந்தாடிங்க. ரெண்டு விரலைத் தாடையில வச்சுக் கீழ இழுப்பாரு."

"சுதாமுக்கு?"

"அவனுக்குக் காடு மாதிரி தாடி. நாலு விரலையும் வச்சு இழுக்கறது."

அவள் செய்தும் காட்டினாள். நீதிபதி அம்மா குறித்துக்கொண்டார். "இரண்டு விரல் என்றால் மேனேஜர், நான்கு விரல் என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். சரிதானே?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். சரிதான் என்று சத்தியத்தின் பேரில் சொன்னாள் சஷ்டிகா. ஆறுச்சாமியின் வலதுகையில் கட்டைவிரலை விட்டால் மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான் பாக்கி. அந்த இரண்டால் மேனேஜரைச் சொல்வார். சுதாமைச் சொல்வதற்கு முழுசாக இருக்கும் இடது கைக்கு மாறிக்கொள்வார். இதையும் சொன்னாள். எபினேசருக்குப் பரம திருப்தி.

பிறகு விளக்கை மங்கலாக்கி, சுவர் அகலத் திரையில் வீடியோவைப் போட்டார்கள்.

ஆறுச்சாமி வலது கையைத் தூக்கினார். நான்கு விரல்கள் தாடையில் படிந்து கீழே இறங்கின. நீளமான, ஒரு தழும்பும் இல்லாத, அழகான நான்கு விரல்கள். அதே கையால் ஒரு கண்ணைப் பொத்தினார். அதே விரல்களால் தன் இரு கண்களையும் காட்டினார். அவன் கண்ணைக் கட்டினான், நான் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள் நேர்மையானவர். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். "நான்கு விரல். முழுத் தாடி வைத்தவரைச் சொல்கிறார்."

சஷ்டிகாவுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா துளசியம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். திரையைக் காட்டினாள். கையால் கேட்டாள்: "மூஞ்சி அவரோடது. அது யாரோட கை?"

எபினேசர் எழுந்து கத்தினார். விரல் போன ஆஸ்பத்திரிச் சான்றிதழைக் காட்டினார், ஆறுச்சாமியின் போட்டோவைக் காட்டினார். அரசு வக்கீல் அவசரப்படவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மரியாதைக்குரிய நீதிமன்றத்துக்கு ரெண்டே வழிதான். இந்த வீடியோவில் இருக்கிறவர் ஆறுச்சாமி இல்லை என்றால், இந்தச் சாட்சியே கிடையாது. மூடியில் இருக்கிற கைரேகை மட்டும் மிச்சம். ஆறுச்சாமிதான் என்றால், அவர் யாரைச் சொல்கிறார் என்று அவருடைய மகளே நமக்குச் சொல்லித் தந்துவிட்டார். சட்டப்படி இதுதான் அசல். நண்பர் எந்த வழியை எடுத்துக்கொள்கிறார்?"

நண்பருக்கு எந்த வழியும் இல்லை. சுதாமைச் சொல்வதென்றால் இடது கையால்தானே சொல்வார், இது வலது கை என்று அவர் ஆரம்பித்தபோது, எந்தக் கையால் சொன்னாலும் பொருள் மாறாது என்று மொழிபெயர்ப்பாளர் அம்மாள் வருத்தத்தோடு சொன்னார். அதுவும் உண்மைதான். அந்த மண்டபத்தில் அன்றைக்குப் பொய் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

சிறையிலிருந்து திரை வழியாக விசாரணையைப் பார்த்துக்கொண்டிருந்த சுதாம் தன் தாடியில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆயுள் தண்டனை இல்லை. ஆனால் ஊரில் விட்டுவந்த அவன் சின்ன மகள் பெரிய மனுஷி ஆகும்வரை வெளியே வர முடியாத தண்டனை. பூபதிராஜ் கோர்ட் வாசலில் சஷ்டிகாவைத் தாண்டிப் போகையில், "உங்கப்பா நல்ல மனுஷனுங்க" என்றார். அவளுக்கு அந்த ஆளின் குறுந்தாடியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

*

நிரஞ்சன் அவளைத் தேடி அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கே வந்தார். பக்கத்து பேக்கரியில் டீ சொன்னார்.

"நான் பாத்திருக்கோணுமுங்க. ஒரு நாளைக்கு அத்தனை மாத்தறேன், யாரு கையை எண்ணறாங்க?" என்றார். "சாரம் வந்த புதுசுல கைக்கு ஆறு விரலு, ஏழு விரலுன்னு வரைஞ்சுட்டு இருந்துச்சு, நாபகம் இருக்குதுங்களா?"

இருந்தது. ஊரே சிரித்தது. மந்திரி ஒருவர் மாலை வாங்கும்போது இரண்டு கட்டைவிரலோடு வாங்கினார் என்று அதை வைத்து எத்தனை மீம்ஸ்!

"கம்பெனிக்கு மானம் போச்சுங்க. ராத்திரியோட ராத்திரியா ஒரு விதியைப் போட்டுட்டாங்க. கைன்னா அஞ்சு விரலு, ஆளுன்னா ரெண்டு கை, ரெண்டு காலு. கூட இருந்தா வெட்டு, குறைஞ்சா ஒட்டு. அப்புறம் ஒரு தப்பும் வரலை. எல்லாரும் கை தட்டினாங்க."

"எங்கப்பா மாதிரி ஆளுங்க?"

"நெனப்புல வரலைங்க" என்றார். அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. "எம் மாமனுக்கு ஒரு காலு முழங்காலோட இல்லீங்க. அவரு பொண்ணு கல்யாண வீடியோவை மாத்தினா ரெண்டு காலுல நடந்து வந்து தாரை வாத்துக் குடுக்கறாரு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம். மாமன் மட்டும் அதைப் போடாதீங்கடான்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்பக்கூட எனக்கு ஒறைக்கலை பாருங்க."

"புகார் குடுக்க முடியாதுங்களா?"

"எத்தனையோ பேரு குடுத்திருக்காங்க. 'இது குறையல்ல, மேம்பாடு'ன்னு ஒரே பதிலு வருது."

சஷ்டிகா சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் இருமலாகிப் புரையேறியது. எங்கப்பன் விரலை ஒரு மெஷின் வெட்டிச்சு, இன்னொரு மெஷின் ஒட்டிச்சு, ரெண்டுமே அந்த மனுஷனைக் கேக்கல என்று சொல்ல வந்தாள். இருமல் விடவில்லை.

"நான் அப்பீல்ல வந்து சாட்சி சொல்றேன்" என்றார் நிரஞ்சன். "வேலை போனாலும் போவட்டும். அந்த விதி எப்படி வேலை செய்யுதுன்னு கூண்டுல ஏறி நின்னு சொல்றேன். உங்க வக்கீல்கிட்டச் சொல்லிடுங்க."

எபினேசருக்கு உயிர் வந்தது. அப்பீல் மனுவைத் தயார் செய்து சிறைக்கு அனுப்பினார். சுதாம் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினான். மறுபடி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. 'அந்தப் பொண்ணு சம்பந்தப்பட்ட எதிலயும் கை வைக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டானாம்.

"அவன் கையெழுத்து இல்லாம நான் என்ன செய்ய முடியும்?" என்றார் வக்கீல். "கெடு முடியப் போவுது. நீங்களே ஒரு தடவை பேசிப் பாருங்க. அவன் சரின்னா வெளிய வந்துருவான். இல்லைன்னா அவ்வளவுதான்."

*

சிறையில் நேரில் பார்க்கிற வழக்கம் ஒழிந்து நாளாகிவிட்டது. வக்கீலுக்கும் திரைதான், பெண்டாட்டிக்கும் திரைதான். வெளிச்சுவரை ஒட்டி வரிசையாகக் கூண்டு மாதிரிச் சின்ன அறைகள். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு திரை. சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற மனுஷனைத் திரையில் பார்த்துப் பேச வேண்டும்.

சுதாம் வந்து உட்கார்ந்தான். தாடியை மழித்திருந்தார்கள். தாடி இல்லாமல் அவன் யாரோ ஒரு கல்லூரிப் பையன் மாதிரி இருந்தான்.

"எதுக்கு வந்தீங்க அக்கா?" கோவைக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழ், நன்றாகவே பேசுவான்.

"சுதாம், அந்த மனுவுல கையெழுத்துப் போடுப்பா. எங்கப்பா உன்னைச் சொல்லலை. மேனேஜரைத்தான் சொன்னாரு."

"உங்க அப்பா சொல்லலை, தெரியும்." அவன் குரல் ஏறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "உங்க அப்பாக்கு ஏது அக்கா நாலு விரலு? தெனம் மத்தியானம் அந்தக் கையில சோறு வாங்கித் தின்னவன் நானு. ரசம் சாதத்தை ரெண்டு விரலுல உருட்டி என் தட்டுல வைப்பாரு. அந்தக் கை எனக்குத் தெரியாதா? வீடியோவுல இருக்கறது அவரு கை இல்ல. நீங்க செஞ்ச கை."

"நான் செய்யலைடா. சத்தியமா."

"பின்ன யாரு? கோர்ட்டுக்கு அதைக் கொண்டாந்தது நீங்க. ரெண்டு விரலு மேனேஜர், நாலு விரலு சுதாம்னு அங்க நின்னு சொல்லிக்குடுத்தது நீங்க. அப்புறம் வீடியோ வருது, நாலு விரலு. மேனேஜர் என்ன குடுத்தான் உங்களுக்கு? வீடா?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் அறைந்திருப்பாள். இவன் சொன்னால் தாங்கத்தான் வேண்டும்; அவன் இடத்தில் இருந்தால் அவளும் இதையேதான் நினைத்திருப்பாள்.

"மெஷின் போட்டுச்சு சுதாம். புது ஃபார்மேட்டுல மாத்தறப்ப, விரலு இல்லாத கைக்கு அதுவா விரலை ஒட்டிருது. அந்த ஆபீஸரே வந்து சாட்சி சொல்றேங்கறாரு. நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"மெஷின் விரலை வெட்டும். நான் பாத்திருக்கேன்" என்றான் சுதாம். "விரலை ஒட்டற மெஷினை நான் பாத்ததில்லை."

எப்படி நம்ப வைப்பது? வாயால் சொன்னதையெல்லாம் அவன் தட்டிவிடுகிறான். அப்பாவாக இருந்தால் என்ன செய்திருப்பார்? வாயையா நம்பியிருப்பார்? சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது. அவன் படித்த கையையே அவனுக்குக் காட்டிவிட வேண்டும். ஆறுச்சாமியின் கையை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் அவன் மனசு இளகாதா?

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிப் பார்த்தாள். மற்ற இரண்டை நீட்டினால் இவையும் எழும்பி எழும்பி வந்தன. கைக்குட்டையை எடுத்தாள். இரண்டு விரல்களையும் உள்ளங்கையோடு மடக்கிச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மட்டும் வெளியே நின்றன. அச்சாக அப்பாவின் கை.

"பாரு சுதாம். கட்டியிருக்கேன் பாரு. எங்கப்பாவோட கை இப்படித்தான இருக்கும்? அவரு செஞ்சது இதுதான்."

கையைத் தூக்கித் தாடையில் வைத்து இரண்டு விரலையும் மெதுவாகக் கீழே இழுத்தாள். ஒரு கண்ணைப் பொத்தினாள். மறுபடி ஒருமுறை, தாடையிலிருந்து கீழே. அப்பா எப்படிப் புருவத்தைத் தூக்குவாரோ அப்படியே தூக்கினாள்.

சுதாம் முன்னால் சாய்ந்து பார்த்தான். அவன் முகம் இளகும் என்று காத்திருந்தாள். இளகவில்லை. வாய் கோணியது, கண் நிறைந்தது.

"எங்க அக்கா கட்டியிருக்கீங்க?"

"இதா, கைக்குட்டையில. தெரியலையா?"

"அஞ்சு விரலும் நல்லா நீட்டமா இருக்குது." அவன் எழுந்து நின்றான். "மூஞ்சிக்கு நேரா, மறுபடியும் என்னைத்தான் சொல்றீங்க. நாலு விரலு. கட்டியிருக்கேன்னு வாய் கூசாமப் பொய் வேற."

அப்போதுதான் அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். தீப்பெட்டி அளவு கட்டத்தில் அவளுடைய படம். அவள் முகம், அவள் சுடிதார். தாடையில் அவள் கை. கைக்குட்டை எங்கும் இல்லை. அழகான நான்கு விரல்கள் தாடையில் படிந்திருந்தன.

பழைய படத்தை மாற்றும்போதுதான் அப்படி ஆகும் என்று நினைத்திருந்தாள். நேரே பார்த்துப் பேசுவதும் அதே சாரம்தான், கட்டி மறைத்த விரலும் அதற்கு இல்லாத விரல்தான் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"சுதாம், இரு, இதும் அந்த மெஷின்தான், இரு..."

"இனிமே வராதீங்க" என்றான். "உங்க அப்பா பேரை மட்டும் விட்டுருங்க. அவரு நல்லவரு."

அந்தப் பக்கம் ஸ்டூல் காலியானது. திரை வெளுத்து, அதில் எழுத்து வந்தது: 'சந்திப்பு முடிந்தது. படம் தெளிவாக இருந்ததா?' கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், இல்லை. 'இல்லை'யைத் தொட்டாள். 'என்ன குறை?' என்று கேட்டது. மங்கல் என்று இருந்தது, நடுக்கம் என்று இருந்தது, சத்தம் சரியில்லை என்று இருந்தது. அவளுடைய குறை அதில் இல்லை. திரும்பவும் முதல் கேள்விக்கே வந்து நின்றது.

கதவைத் தட்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதுங்களா அக்கா? எனக்குக் குடுத்த நேரம் ஓடுதுங்க. அதுல பதில் சொன்னாத்தான் அடுத்த ஆளுக்குத் திறக்குமாட்ட இருக்குது."

சஷ்டிகா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். பல்லால் இறுக்கியது, வரவில்லை. கட்டிய கையோடேயே சுண்டுவிரலை நீட்டி 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு வெளியே வந்தாள்.